குணமாக்கும் கை யாருடையது?

பிசியோதெராபிஸ்ட் என்று நாம் பேச்சில் சொல்லும் இயன்முறை சிகிச்சையாளர் என்ன வேலை செய்கிறார் என்று உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "உருவி விடுவார்" என்பான் ஒருவன். "பந்து விளையாடும்போது கால் பிசகினால் ஓடி வந்து ஸ்ப்ரே அடிப்பார்" என்பாள் இன்னொருத்தி. "பக்கவாதம் வந்த தாத்தாவுக்குக் கையையும் காலையும் ஆட்டிவிடுவார்" என்று மூன்றாவது பதில் வரும். மூன்று பதில்களிலும் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. சிகிச்சையாளர் செய்கிறார், நோயாளி படுத்துக்கொண்டு அதைப் பெற்றுக்கொள்கிறார்.

இந்த எண்ணத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. நல்ல இயன்முறை சிகிச்சையாளர் ஓர் ஆசிரியரைப் போன்றவர். தன் உடலைத் தானே பார்த்துக்கொள்ள நோயாளிக்குக் கற்றுக்கொடுப்பதுதான் அவருடைய முக்கிய வேலை. மாணவன் பாடத்தைப் புரிந்துகொண்டு வகுப்பை விட்டுப் போவதைப் போல, நோயாளியும் ஒருநாள் "இனி நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி வெளியே போக வேண்டும். இது புரியாததால்தான் நம் வீடுகளில் பலருடைய வலி தேவையில்லாமல் நீள்கிறது. அறிவியலில் ஆர்வமுள்ள பல மாணவர்கள் இந்தத் தொழிலைத் திரும்பிப் பார்க்காமல் போவதற்கும் அதுவே காரணம்.

இதை விளக்க நியூசிலாந்து நாட்டு இயன்முறை சிகிச்சையாளர் ஒருவருடைய கதையை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய வெற்றியிலும் பாடம் இருக்கிறது. அவருடைய முறையின் எல்லையிலும் பாடம் இருக்கிறது.

ஐந்து நிமிடத் தாமதம்

அவர் பெயர் ராபின் மெக்கென்சி. 1931-இல் ஆக்லாந்தில் பிறந்தவர். இயன்முறை சிகிச்சை படித்துவிட்டு, 1953-இல் வெலிங்டன் நகரில் சொந்தமாக ஒரு கிளினிக் தொடங்கினார். முதுகுவலிக்காரர்கள்தான் அங்கு அதிகம் வந்தார்கள்.

1956-இல் ஸ்மித் என்ற நோயாளி அவரிடம் சிகிச்சை பெற்று வந்தார். அவருக்கு வலப்பக்க இடுப்பில் தொடங்கும் வலி தொடை வழியாக முழங்கால் வரை இறங்கியிருந்தது. அவரால் முன்னால் குனிய முடிந்தது. பின்னால் வளைய முடியவில்லை. மூன்று வாரம் சிகிச்சை கொடுத்தும் பலனில்லை.

ஒருநாள் மெக்கென்சி அவரை உள்ளே போய்ச் சிகிச்சை மேசையில் குப்புறப் படுக்கச் சொன்னார். அந்த மேசையின் ஒரு முனை முந்தைய நோயாளிக்காக உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. ஸ்மித் அதைச் சரிசெய்யாமல் அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். அதனால் அவருடைய முதுகு பின்பக்கமாக நன்றாக வளைந்தது. மெக்கென்சி உள்ளே வர ஏறக்குறைய ஐந்து நிமிடம் தாமதமானது. வந்து பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதுகுவலிக்காரரை அப்படி வளைத்துப் படுக்க வைப்பது ஆபத்து என்றே அந்தக் காலத்தில் கருதப்பட்டது. அவசரமாக "எப்படி இருக்கிறது?" என்று விசாரித்தார். மூன்று வாரத்தில் இன்றுதான் நன்றாக இருக்கிறது என்று ஸ்மித் பதில் சொன்னார். காலில் இருந்த வலி மறைந்துவிட்டது. வலப்பக்கம் இருந்த இடுப்பு வலி முதுகின் நடுப்பகுதிக்கு நகர்ந்திருந்தது. மறுநாளும் அவரை அதே நிலையில் படுக்க வைத்தபோது, மிச்சமிருந்த வலியும் போய்விட்டது.

உங்களில் பலர் இதைப் படித்ததும் "அதிர்ஷ்டம்" என்று சொல்லலாம். தாமதம் தற்செயலாக நடந்ததுதான். ஆனால் அதற்குப் பின் மெக்கென்சி செய்ததைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. தான் படித்ததற்கு எதிரான ஒன்று கண்முன்னே நடந்திருக்கிறது. அதைப் புறக்கணிக்காமல், "ஏன்?" என்று அவர் கேட்டுக்கொண்டார்.

தமிழ்ப்பள்ளியில் நாம் படித்த சொல்

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் 'உற்றறிதல்' என்ற சொல்லைப் படித்திருப்பீர்கள். அறிவியல் செயற்பாங்குத் திறன்களில் அதுதான் முதலாவது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தச் சொல் ஒரு மனிதருடைய வாழ்க்கையில் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள்.

அதன்பிறகு தம்மிடம் வந்த நோயாளிகளின் அசைவுகளை மெக்கென்சி கவனமாகச் சோதிக்கத் தொடங்கினார். ஒரே அசைவைப் பலமுறை செய்யச் சொல்வார். பத்து முறை பின்னால் வளைந்த பிறகு வலி எங்கே இருக்கிறது? கூடியதா, குறைந்ததா? காலுக்கு இறங்கியதா, முதுகை நோக்கி ஏறியதா? பிறகு முன்னால் குனியச் சொல்லி அதே கேள்விகளைக் கேட்பார். இங்கே அசைவின் திசை தற்சார்பு மாறி. வலியின் இடமும் அளவும் சார்பு மாறி. ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் சோதனையை அவர் சிகிச்சை மேசையில் செய்தார்.

இதிலிருந்து அவர் ஒரு போக்கைக் கண்டார். சில நோயாளிகளுக்கு ஒரு குறிப்பிட்ட திசையில் திரும்பத் திரும்ப அசையும்போது, கால்வரை பரவிய வலி மெல்ல மெல்லப் பின்வாங்கி முதுகின் நடுவுக்கு வருகிறது. வலி அப்படி நடுவுக்கு வருவது நல்ல அறிகுறி என்று அவர் கருதினார். வலி நடுவுக்கு வருபவர்கள் மற்றவர்களைவிட நன்றாகக் குணமடைகிறார்கள் என்று பிற்காலத்தில் பல ஆய்வாளர்களும் கண்டார்கள்.

அவர் அடுத்து எடுத்த முடிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எந்த அசைவு உதவும் என்று தெரிந்துவிட்டால், அதைச் செய்ய நோயாளி ஏன் கிளினிக்குக்கு வர வேண்டும்? வீட்டிலேயே, ஒரு நாளில் பலமுறை, பணம் கொடுக்காமல் தானே செய்யலாமே! 1980-இல் அவர் பொதுமக்களுக்காக ஒரு சிறிய புத்தகம் வெளியிட்டார். 'உங்கள் முதுகுக்கு நீங்களே சிகிச்சை செய்யுங்கள்' என்பதே அதன் தலைப்பின் பொருள். அடுத்த ஆண்டு தம் துறையினருக்காக விரிவான நூல் ஒன்றை எழுதினார். 1982-இல் அவர் பெயரில் ஒரு பயிற்சிக் கழகம் உருவானது. 2013-இல் அவர் மறைந்தபோது, அவருடைய முறையைப் பல நாடுகளில் சிகிச்சையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். நோயாளி திரும்பத் திரும்ப வந்தால்தான் கிளினிக்குக்கு வருமானம். அவர்களைத் திரும்ப வராமல் இருக்கச் செய்யும் வழியைத்தான் இவர் புத்தகமாகவே எழுதினார்.

ஒரு நோயாளி போதுமா?

கதையை இங்கேயே முடித்தால் உங்களுக்குப் பிடித்திருக்கும். ஆனால் நான் அறிவியல் ஆசிரியர். மீதியையும் சொல்ல வேண்டும்.

ஒருவர் குணமானார் என்பது சான்று ஆகாது. முதுகுவலிக்கு ஒரு குணம் உண்டு. எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் அது குறைந்துவிடும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் சிகிச்சைக்கு ஓடுகிறோம். அப்போது கோடாலித் தைலம் தேய்த்தாலும், தாயத்துக் கட்டினாலும், அடுத்த வாரம் வலி குறையத்தான் வாய்ப்பு அதிகம். புகழ் மட்டும் தைலத்துக்கும் தாயத்துக்கும் போய்விடும். ஆகவே ஒரு சிகிச்சை உண்மையில் வேலை செய்கிறதா என்று அறிய, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட வேண்டும்.

மெக்கென்சியின் முறையும் அந்தத் தேர்வை எழுதியது. 1998-இல் அமெரிக்காவில் முதுகுவலி உள்ள 321 பேரிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியானது. ஒரு குழுவுக்கு மெக்கென்சி முறை. இன்னொரு குழுவுக்குக் கைரோபிராக்டிக் எனப்படும் எலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் முறை. மூன்றாம் குழுவுக்கு முதுகுவலி பற்றிய ஒரு சிறு கையேடு மட்டும். கையேடு பெற்றவர்களைவிடச் சிகிச்சை பெற்றவர்களின் நிலை சற்றுதான் மேம்பட்டிருந்தது. ஆனால் செலவு அதிகம். பின்னால் வந்த தொகுப்பு ஆய்வுகளும் புதிதாக வந்த முதுகுவலிக்கு மெக்கென்சி முறை பெரிய அதிசயம் எதையும் செய்வதில்லை என்றே சொல்கின்றன. முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகள் எப்படி நகர்கின்றன என்று அவர் தந்த விளக்கமும் எல்லாருக்கும் பொருந்துவதாக நிரூபிக்கப்படவில்லை.

அந்த 1998 ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. சிகிச்சை பெற்ற இரு குழுக்களிலும் ஏறக்குறைய 75 விழுக்காட்டினர் தங்களுக்குக் கிடைத்த கவனிப்பு மிக நன்று என்றார்கள். கையேடு பெற்றவர்களில் அப்படிச் சொன்னவர்கள் ஏறக்குறைய 30 விழுக்காடுதான். குணத்தில் இருந்த வித்தியாசமோ சிறியது. மனநிறைவில் இருந்த வித்தியாசம் மிகப் பெரியது. நம்மை ஒருவர் தொட்டு, கேட்டு, கவனித்தால் நமக்குப் பிடிக்கிறது. அதில் குற்றமில்லை. ஆனால் பிடித்திருப்பதும் குணமாவதும் ஒன்றல்ல. "எனக்கு அவர் கை ராசி" என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்கும்போது இந்த இரண்டு எண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மெக்கென்சி தோற்றுவிட்டாரா? இல்லை என்பேன். குறிப்பிட்ட பயிற்சி ஒன்று மற்றப் பயிற்சிகளைவிட மேலானது அல்ல என்று தெரிந்திருக்கலாம். நோயாளி தன் குணத்தில் தானே பங்கெடுக்க வேண்டும் என்ற அவருடைய அணுகுமுறை நிலைத்துவிட்டது. அதற்கான வலுவான சான்று படுக்கையைப் பற்றிய ஆய்வுகளில் இருக்கிறது.

படுக்கை என்னும் மருந்து

முதுகு பிடித்துக்கொண்டால் நம் வீட்டில் முதலில் வரும் கட்டளை, "அசையாமல் படு!" என்பதுதான். மருத்துவர்களும் ஒரு காலத்தில் அதைத்தான் சொன்னார்கள்.

1995-இல் பின்லாந்தின் ஹெல்சின்கி நகரில் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. திடீரென முதுகுவலி வந்த 186 நகர ஊழியர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு இரண்டு நாள் படுக்கையில் ஓய்வெடுத்தது. இரண்டாம் குழு முதுகுப் பயிற்சிகள் செய்தது. மூன்றாம் குழு, வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தது. மூன்றாவது குழுதான் மற்ற இரண்டையும்விட நன்றாகத் தேறியது. படுக்கைக் குழு மிக மெதுவாகத் தேறியது. வலி கடுமையாக இருக்கும் முதல் சில நாள்களில் தனிப் பயிற்சிகூடத் தேவைப்படவில்லை. அன்றாட அசைவை நிறுத்தாமல் இருந்ததே போதுமானதாக இருந்தது.

இன்னும் வியப்பான சோதனை ஒன்று 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்தது. 20 வயதான ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். எழுந்தபோது, கடும் உழைப்பின்போது அவர்களுடைய உடல் பயன்படுத்தக்கூடிய உயிர்வளியின் உச்ச அளவு கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. 30 ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஐந்து பேரையும் அழைத்து மறுபடி சோதித்தார்கள். 30 ஆண்டு வயது கூடியதால் ஏற்பட்ட இழப்பைவிட, அந்த மூன்று வாரப் படுக்கையால் ஏற்பட்ட இழப்பு அதிகமாக இருந்தது!

காரணம் எளிது. நம் உடல் சிக்கனமானது. பயன்படுத்தாததைப் பராமரிக்காது. தசைக்கு வேலை இல்லையென்றால் அது மெலியும். எலும்பும் தன்மீது விழும் சுமைக்கு ஏற்பவே தன்னைக் கட்டிக்கொள்கிறது. இதை 1892-லேயே ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் எழுதிவிட்டார். எடையற்ற நிலையில் மிதக்கும் விண்வெளி வீரர்கள் தங்கள் எலும்பு வலுவை இழக்கிறார்கள். 2007-இல் நம் நாட்டு விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முசாபார் சென்ற அனைத்துலக விண்வெளி நிலையத்தில் நீண்டநாள் தங்குவோர், இதைத் தடுக்க நாள்தோறும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். வீட்டுச் சோபாவில் நாள் முழுக்கப் படுத்திருப்பவருக்கும் அதே விதிதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். எல்லா முதுகுவலியும் ஒன்றல்ல. கீழே விழுந்த பிறகோ விபத்துக்குப் பிறகோ வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, காலில் பலம் குறைவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பத்திரிகையில் படித்ததை வைத்து நீங்களே முதுகை வளைத்துப் பார்க்கக் கூடாது. மெக்கென்சியும் முதலில் கேள்வி கேட்டுச் சோதித்த பிறகுதான் பயிற்சி கொடுத்தார்.

அன்பே தடையாகும்போது

முதுகுவலியை விடுங்கள். பக்கவாதத்தைப் பாருங்கள். நம் சமூகத்தில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத குடும்பம் குறைவு. நாட்டில் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவற்றின் பின்னால் வருவதுதான் பக்கவாதம்.

பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி செல்கள் இறந்துபோகின்றன. அவை திரும்ப உயிர் பெறுவதில்லை. ஆனால் அருகில் உள்ள பகுதிகள் அந்த வேலையின் ஒரு பங்கைக் கற்றுக்கொள்ள முடியும். கற்றுக்கொள்ள ஒரே வழி திரும்பத் திரும்பச் செய்வது. எட்வர்ட் டோப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்காக ஒரு வழி கண்டார். நோயாளியின் நல்ல கையை உறையிட்டுப் பயன்படுத்தாமல் தடுத்து, பலவீனமான கையாலேயே வேலைகளைச் செய்யப் பழக்கினார். ஓரளவு கையை அசைக்கக்கூடிய நோயாளிகளிடம் இது நல்ல பலன் தந்தது. வேறு யாரும் அந்தக் கையை ஆட்டிவிடுவதால் மூளை கற்றுக்கொள்வதில்லை. நோயாளி முயற்சி செய்யும்போதுதான் கற்றுக்கொள்கிறது.

இப்போது நம் வீட்டை நினைத்துப் பாருங்கள். பாட்டி மருத்துவமனையிலிருந்து வந்திருக்கிறார். அவர் தண்ணீர்க் குவளையை நோக்கிக் கையை நீட்டுவதற்குள் நாம் ஓடிப்போய் எடுத்துக் கொடுக்கிறோம். சட்டைப் பொத்தானை நாம் போட்டுவிடுகிறோம். சோற்றை ஊட்டிவிடுகிறோம். எல்லாம் அன்பால்தான். ஆனால் அந்த அன்பு பாட்டியின் மூளைக்கு வரவேண்டிய பாடத்தை ஒவ்வொரு நாளும் பறித்துக்கொள்கிறது. "பாட்டி, மெதுவாக நீங்களே எடுங்கள், நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று சொல்லிக் காத்திருப்பது ஊட்டிவிடுவதைவிடக் கடினம். சிகிச்சையாளர் வாரத்தில் ஒரு மணி நேரம் பாட்டியோடு இருப்பார். மீதி நேரமெல்லாம் பாட்டி நம்மோடுதான் இருக்கிறார். அந்த நேரத்தில் அவருக்குப் பயிற்சியாளர்கள் நாம்தான். குவளையில் பாதித் தண்ணீர் மட்டும் வையுங்கள், சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். எந்த வேலையை அவரே செய்யலாம், எதில் தவறி விழும் ஆபத்து உண்டு என்பதை மட்டும் சிகிச்சையாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"சொல்வது எளிது" என்பவர்களுக்கு

என் கருத்துக்கு எதிராக நியாயமான ஒரு கேள்வி உண்டு. "நோயாளியே செய்ய வேண்டும் என்றால், குணமாகாதபோது பழியையும் நோயாளி மீதே போடுவீர்களா? தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் அம்மா, இரவில் எப்போது பயிற்சி செய்வார்?"

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஒரு தாளில் பத்துப் பயிற்சிகளின் படங்களை அச்சடித்துக் கொடுத்து, "தினமும் மூன்று வேளை செய்யுங்கள்" என்று அனுப்பிவிடுவது கற்பித்தல் ஆகாது. பாடம் புரியாத மாணவனிடம், "புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்" என்று சொல்லும் ஆசிரியரை நீங்கள் என்னவென்று நினைப்பீர்கள்? நல்ல சிகிச்சையாளர் முதலில் அந்த அம்மாவின் நாள் எப்படிப் போகிறது என்று கேட்பார். எந்த நேரத்தில் வலி கூடுகிறது, எதற்குப் பயப்படுகிறார், மறுபடி எதைச் செய்ய ஆசைப்படுகிறார் என்று கேட்பார். பிறகு பத்துக்குப் பதிலாக இரண்டே பயிற்சி கொடுப்பார். ஒன்று பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது செய்யக்கூடியது. மற்றொன்று சோறு கொதிக்கும்போது செய்யக்கூடியது. அடுத்த முறை வரும்போது, "ஏன் செய்யவில்லை?" என்று அதட்டாமல், "எது தடையாக இருந்தது?" என்று கேட்பார். பொறுப்பு இருவருக்கும் உண்டு. பயிற்சியை வாழ்க்கைக்குப் பொருத்துவது சிகிச்சையாளரின் பங்கு.

உருவி விடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை நான் கேலி செய்யவில்லை. தசை இறுக்கம் தளரும். சற்று நேரம் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தில் நடக்கத் தொடங்கினால் நல்லதுதான். இயன்முறை சிகிச்சைத் தொழிலே ஒரு வகையில் அங்கிருந்துதான் வந்தது. 1894-இல் இங்கிலாந்தில் நான்கு தாதியர் சேர்ந்து, முறையாகப் பயிற்சி பெற்ற மசாஜ் பணியாளர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். போலி மசாஜ் நிலையங்களால் தங்கள் தொழிலுக்கு வந்த கெட்ட பெயரைத் துடைக்க, பயிற்சியும் தேர்வும் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். இன்று அந்நாட்டு இயன்முறை சிகிச்சையாளர்களின் சங்கமாக இருப்பது அதன் வளர்ச்சிதான். முதல் உலகப் போரில் காயம்பட்ட படைவீரர்களும், பிறகு போலியோ கண்ட குழந்தைகளும் இந்தத் தொழிலை மேசையிலிருந்து இறக்கி, நடைப்பயிற்சிக்குக் கொண்டுவந்தார்கள். நாம்தான் இன்னும் அதை 1894-லேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இரண்டாம் இடத்துத் தொழில் அல்ல

இனி உங்கள் எதிர்காலத்துக்கு வருகிறேன். எஸ்.பி.எம். முடிவு வந்ததும் நம் வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி, "டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்குமா?" என்பது. கிடைக்கவில்லை என்றால், "சரி, பிசியோவாவது எடு" என்று வேண்டா வெறுப்பாகச் சொல்வார்கள். அந்த 'ஆவது' என்ற சொல்லைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நான்காண்டுப் பட்டப்படிப்பு அது. நம் நாட்டில் யூ.கே.எம்., யூ.ஐ.டி.எம். போன்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலும், யூ.டி.ஏ.ஆர். உள்ளிட்ட தனியார் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது. உடற்கூறு, உடலியங்கியல், நரம்பியல் எல்லாம் படிக்க வேண்டும். இயற்பியல் பாடத்தில் படிக்கும் நெம்புகோலும் விசையின் திருப்புதிறனும் அங்கே முழங்கையிலும் இடுப்பிலும் உயிரோடு வரும். மருத்துவமனைகளில் நேரடிப் பயிற்சியும் உண்டு. 2016-ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் வரும் தொழில்களில் இதுவும் ஒன்று. ஆகவே தகுதியும் பதிவும் இல்லாமல் யாரும் இந்தப் பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ளக் கூடாது.

வேலையும் ஒரே மாதிரி இருக்காது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நுரையீரல் சளியை வெளியேற்ற உதவுபவர் இருக்கிறார். பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை உட்காரப் பழக்குபவர் இருக்கிறார். நீரிழிவால் காலை இழந்தவரைச் செயற்கைக் காலோடு நடக்க வைப்பவர் இருக்கிறார். வேலையிடத்தில் காயம்பட்டவர்களுக்காக மலாக்காவில் சொக்சோ நடத்தும் துன் ரசாக் மறுவாழ்வு மையத்திலும் இவர்கள் பணிபுரிகிறார்கள். அரசாங்க மருத்துவமனைகளில் இவர்களை 'ஜூருபூலே' என்று மலாயில் அழைப்பதைக் கேட்டிருப்பீர்கள். 'பூலே' என்றால் மீண்டு வருதல். மீண்டு வருவது நோயாளி. வழி தெரிந்தவர் சிகிச்சையாளர். பொருத்தமான பெயர்தான்.

ஆனால் எல்லாருக்கும் இந்தத் தொழில் ஒத்துவராது. உடனடி வெற்றியை எதிர்பார்ப்பவருக்கு இது சரிப்படாது. ஒரு நோயாளி இரண்டு விரலை மடக்க மூன்று மாதம் ஆகலாம். அந்த மூன்று மாதமும் நீங்கள் சலிக்காமல் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும், ஊக்கம் சொல்ல வேண்டும். நேற்றைவிட இன்று அரை சென்டிமீட்டர் கூடுதலாக அசைந்தது என்பதில் மகிழ்ச்சி அடையத் தெரிந்தவருக்கு இதைவிட நல்ல வேலை குறைவு.

இன்றே தொடங்கலாம்

நீங்கள் இந்தத் தொழிலுக்குப் போகாவிட்டாலும், இதன் பாடம் உங்களுக்கு இன்றே பயன்படும். காற்பந்திலோ பூப்பந்திலோ கணுக்கால் சுளுக்கியவர்கள் உங்கள் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். வீக்கம் வற்றியதும் திடலுக்கு ஓடிவிடுகிறார்கள். சில வாரங்களில் அதே கால் மறுபடி சுளுக்குகிறது. ஏன் தெரியுமா? கணுக்கால் தசைநார்களில் உள்ள உணர்விகள், கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்கு நொடிக்கு நொடி செய்தி அனுப்புகின்றன. சுளுக்கில் அந்தச் செய்தித் தொடர்பும் பாதிக்கப்படுகிறது. வீக்கம் வற்றினாலும் கால் இன்னும் அரைக்குருடாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலியின்றி நிற்க முடிந்தபின், பல் துலக்கும்போது அந்த ஒற்றைக் காலில் நின்று பழகுவது போன்ற எளிய சமநிலைப் பயிற்சிகள் அந்தத் தொடர்பைச் சீர்படுத்த உதவும். எப்போது தொடங்குவது, எவ்வளவு செய்வது என்பதைச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். செய்வது மட்டும் உங்கள் வேலை.

அடுத்த முறை நீங்களோ வீட்டில் ஒருவரோ இயன்முறை சிகிச்சைக்குப் போனால், மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு வாருங்கள். "இந்தப் பயிற்சி எதற்காக? வீட்டில் எப்படிச் செய்வது? தேறிவருகிறேன் என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?" மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்பவர் நல்ல ஆசிரியர். பதில் சொல்லாமல் வாரா வாரம் வரச் சொல்பவரிடம், இன்னொரு முறை போவதற்குமுன் யோசியுங்கள்.

தாத்தாவுக்கோ பாட்டிக்கோ பயிற்சித் தாள் ஒன்று கொடுத்து அனுப்பியிருந்தால், அது இந்நேரம் எந்த அலமாரியில் கிடக்கிறது என்று தேடிப் பாருங்கள். எடுத்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். தினமும் பத்து நிமிடம் அவரோடு சேர்ந்து நீங்களும் செய்யுங்கள். எத்தனை முறை செய்தார் என்று பக்கத்தில் கோடு போட்டு வாருங்கள். ஒரு மாதம் கழித்து அந்தக் கோடுகளை எண்ணிப் பார்த்தால், வகுப்பில் படித்த உற்றறிதலுக்கு நல்ல செய்முறைப் பயிற்சி அதுவே.